கவிழ்த்துப் பார்த்தீர்களா?

பழைய மரச்சாமான் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், வாங்கிவிட்டு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவர்கள் என்று இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரு சின்ன வருத்தம். பாதிப் பேர் சாமானின் முகத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், அதுவும் மேலே பூச்சாடி வைத்து. எனக்கு முகம் வேண்டாம். அடிப்பக்கம், முதுகு, இழுப்பறையின் உள்பக்கம், இந்த மூன்றும் வேண்டும். செய்தவர் கை பட்டு, பாலிஷ்காரர் கை படாத இடங்கள் அவைதான். பாலிஷ்காரர் மகளே சொல்கிறேன், நம்புங்கள்: பொய்யை எல்லாம் நாங்கள் மேல்பக்கத்தில்தான் பூசுவோம்.

கேள்வி: அக்கா, எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு பழைய காபி கிளப்பை இடித்தார்கள். அங்கிருந்து நான்கு வளைவு நாற்காலிகளை 6,000 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். விற்றவர், ‘அசல் பர்மா தேக்கு, 150 வருஷப் பழசு’ என்றார். உட்காரும் இடத்தில் பிளைவுட் அடித்து மேலே ரெக்சின் ஒட்டியிருக்கிறது. ஒரு நாற்காலி ஆடுகிறது. இன்னொன்றின் அடியில் பாதி கிழிந்த காகிதம், ஆங்கிலத்தில் ‘...ஸ்லோவாகியா’ என்று மட்டும் படிக்க முடிகிறது. எங்கள் ஆசாரி, நன்றாகத் தேய்த்துவிட்டுத் தேக்கு கலர் அடித்தால் புதுசாகிவிடும் என்கிறார். செய்யலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் ஆசாரி கையில் இருக்கும் உப்புத்தாளை வாங்கி உள்ளே வையுங்கள், தம்பி. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அது தேக்கு இல்லை. பர்மாவிலிருந்து வந்ததும் இல்லை. மனசு விட்டுவிடாதீர்கள், உண்மைக் கதை அதைவிட நன்றாக இருக்கிறது. முதுகுப் பக்கம் பாருங்கள். ஒரு பின்காலில் ஆரம்பித்து, மேலே ஏறி, வளைந்து, மறு காலாக இறங்கும்வரை ஒரே கழி. நடுவில் ஒட்டு கிடையாது. பலகையை அறுத்து அந்த வளைவைக் கொண்டுவந்திருந்தால் வளைகிற இடத்தில் இழை வெட்டுப்பட்டு எப்போதோ முறிந்திருக்கும். இது நீராவியில் வேகவைத்து வளைத்த மரம். பீச் என்கிற ஐரோப்பிய மரம் (கடற்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). ரெக்சினைக் கழற்றியதும், உட்காரும் வளையத்தின் அடியில் சாயம் படாத இடமாகப் பார்த்து ஈரத்துணியால் துடையுங்கள். வெளிறின இளஞ்சிவப்பில், எள்ளைத் தூவினாற்போல் குட்டிக் குட்டிப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பீச்தான். தேக்கில் எள் இருக்காது, கோடுதான் ஓடும். சுரண்டினால் கையில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கும், பழைய தோல்பை மாதிரி ஒரு வாசனையும் வரும்.

இந்த நாற்காலிக்குத் தகப்பன் மைக்கேல் தோனெட் என்கிற ஜெர்மானியத் தச்சர். வியன்னாவுக்குப் போய்த் தொழில் செய்தவர். மரத்தை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபட்டுக் கிழிவதுதான் தொல்லை. வெளிப்பக்கமாக ஓர் இரும்புப் பட்டையைச் சேர்த்துக் கட்டி வளைத்தார்கள். பட்டை நீளாது, அதனால் மரமும் நீளாது. உள்பக்கம் நசுங்கி இடம் கொடுக்கும். இரும்பு அச்சில் வைத்தே காயவிட்டால் வளைவு நின்றுவிடும். 1859ல் வந்த அவருடைய 14ஆம் எண் நாற்காலிக்கு மொத்தமே ஆறு துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி. கப்பலேற்றி அனுப்பினால் போய்ச் சேருகிற ஊரில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். 1869ல் அவருடைய காப்புரிமை முடிந்ததும் வேறு கம்பெனிகளும் அதே வளைவைச் செய்ய இறங்கின. அதனால் உங்களுடையது தோனெட் செய்ததுதான் என்று இந்தப் படத்தை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். மற்ற மூன்றின் வளையத்தையும் உள்பக்கமாக டார்ச் அடித்துப் பாருங்கள். காகிதம் போயிருந்தாலும் மரத்திலேயே அழுத்தின முத்திரை இருக்கலாம்.

இனி வயது. பீச் காடு நிறைந்த மொராவியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) இந்தத் தொழிற்சாலைகள் பல இருந்தன. 1918வரை அது ஆஸ்திரியப் பேரரசுக்குள். செக்கோஸ்லோவாகியா என்று ஒரு நாடு பிறந்ததே 1918 அக்டோபரில்தான். பிறக்காத நாட்டின் பெயரை யாரும் காகிதத்தில் அச்சடித்து ஒட்ட முடியாது. ஆக, 150 வருஷம் உதைக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காகிதம் ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டும்தான் சொல்கிறது. எவ்வளவு பின்னால் என்று சொல்லவில்லை. வயது காட்டுகிற அடையாளம் எல்லாமே ஏறக்குறைய இந்த ரகம்தான். தலையில் பிளஸ் குறி போட்ட ஸ்க்ரூ 1930களில் அமெரிக்காவில் வந்தது. உங்கள் நாற்காலியில் அது இருந்தால் நாற்காலி புதுசு என்று அர்த்தமில்லை, யாரோ பின்னால் மாற்றியிருக்கலாம். ஃபெவிகால் 1959ல் வந்தது. அதற்கு முன்னால் மூட்டுகளில் எல்லாம் வஜ்ஜிரம், தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. தேன் நிறத்தில் இருக்கும், நகத்தால் நெம்பினால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். வெள்ளையாக ரப்பர் போல உரிந்து வந்தால் அந்த மூட்டை நம் காலத்து ஆள் ஒருவர் திறந்து மூடியிருக்கிறார்.

சரி, வேலைக்கு வருவோம். ஏன் தேய்க்கக் கூடாது? இந்தக் கழிகள் உருண்டை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உருண்டை தட்டையாகும், அங்கங்கே பள்ளம் விழும். சாயம் மேலாகத்தான் இறங்கியிருக்கும், திட்டுத் திட்டாக வெளுக்கும். அதை மறைக்க ஒரு கலர், அதை மறைக்க ஒரு வார்னிஷ். நான் செய்த பாவத்தைக் கேளுங்கள். என் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் முதல் வகுப்புப் பெட்டிகளுக்குப் பாலிஷ் போட்டவர். மாலையில் வீட்டில் தனி வேலையும் எடுப்பார். 1986ல் அவர் ஊருக்குப் போயிருந்த நேரம், ஒரு வக்கீல் வீட்டுத் தேக்கு நாற்காலியில் ஏறியிருந்த அழுக்கைப் பார்த்துவிட்டு, நானே சாமர்த்தியமாகக் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கழுவினேன். அழுக்கு போயிற்று. கூடவே மரம் கன்னங்கரேலென்று ஆயிற்று, வஜ்ஜிரம் கரைந்து இரண்டு கால் தனியாக வந்துவிட்டது. அப்பா திரும்பி வந்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கழுவினியா, சமைச்சியா?” என்றார். நாற்காலிக்குப் பதில் அவர் ஒரு மேசை செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

உங்கள் நாற்காலிக்கு வருகிறேன். ரெக்சினையும் பிளைவுட்டையும் எடுங்கள். சின்ன ஆணியாக நாற்பது ஐம்பது அடித்திருப்பார்கள். ஆணி பிடுங்குகிற கொறடாவை நேராக மரத்தில் ஊன்றி நெம்பாமல் நடுவே ஒரு இரும்பு ஸ்கேலைக் கொடுத்து நெம்புங்கள். கீழே வளையத்தைச் சுற்றி வரிசையாகத் துளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது கையால் பிரம்பு பின்னின நாற்காலி. துளை இல்லாமல் ஓரமாக ஒரு வாய்க்கால் மட்டும் ஓடினால், நெய்த பிரம்பு வலையை வெட்டி வைத்து அந்தப் பள்ளத்தில் இறுக்குகிற ரகம். இரண்டும் இல்லையென்றால் ஆலையிலேயே ஒட்டுப்பலகைத் தட்டோடு வந்ததாக இருக்கலாம். அப்போது பிரம்புக்காக நீங்களாக ஒரு துளையும் போட வேண்டாம்.

ஆடுகிற நாற்காலிக்கு ஆணி அடிக்காதீர்கள். பீச் மரம் ஆணிக்குப் பிளக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி, துளை தளர்ந்திருந்தால் மூங்கில் சீவலைப் பசையில் தோய்த்துச் சொருகி, ஒரு நாள் காயவிட்டு அதே ஸ்க்ரூவை முடுக்குங்கள். கால்களைக் கட்டுகிற கீழ் வளையத்தைச் சிலர் ‘இடைஞ்சல்’ என்று கழற்றி எறிந்திருப்பார்கள். ஆட்டத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்தது பூச்சி. தேக்கின் வைரத்தை, அதாவது முற்றின உள்மரத்தை, தொடாத வண்டு பீச்சை விரும்பிச் சாப்பிடும். குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள் இருக்கிறதா? இருந்தாலே பயம் வேண்டாம், பழைய ஓட்டையாக இருக்கலாம். நாற்காலிக்குக் கீழே கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் விடுங்கள். தாளில் மாவு போலப் புதுத் தூள் விழுந்தால்தான் உள்ளே ஆள் இருக்கிறது. வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்து, பாலிஷ் இல்லாத அடிப்பக்கமாக இரண்டு மூன்று முறை பூசிக் காயவிடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள். நாற்றம் வருஷக்கணக்கில் நிற்கும், மேலே பாலிஷும் ஒட்டாது.

பிறகு சுத்தம் செய்வது. டர்பன்டைனில் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் கலந்து, பனியன் துணியில் தொட்டுத் துடையுங்கள். காபி கிளப்பின் எண்ணெய்ப் புகை எவ்வளவு வரும் என்று பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். என் பட்டறைக் குப்பைத் தொட்டி ஒரு மத்தியானம் புகைந்ததை நானே பார்த்திருக்கிறேன், பக்கத்தில் நெருப்பே இல்லை. துணியைக் கொடியில் விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

துடைத்த பின் பழைய பாலிஷ் எது என்று பார்க்க, மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்து விரலால் தொடுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு, அதாவது பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் பின்னால் யாரோ ஸ்பிரே அடித்த லேக்கர். அரக்காக இருந்தால் உங்களுக்கு யோகம், அதை எடுக்கவே வேண்டாம். புது அரக்கு பழைய அரக்கைக் கரைத்து ஒன்றோடு ஒன்றாகிவிடும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அரக்குச் சில்லு, கண்ணாடிப் பாட்டிலில் ஓர் இரவு ஊறவையுங்கள் (தகர டப்பா வேண்டாம், கறுத்துவிடும்). வடிகட்டி, பஞ்சை மல் துணியில் பொதிந்து, மெல்லிசாக, காயவிட்டுக் காயவிட்டுப் பத்துக் கை. ஐப்பசி கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள். ஈரக் காற்றில் அரக்கு பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிடும்.

கடைசியில் பிரம்பு. துளை உள்ள நாற்காலியென்றால் ஆறு முறை இழை போட வேண்டும்: நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு. பிறகு ஓரம் கட்ட வேண்டும். பிரம்பை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, பளபளப்புப் பக்கம் மேலே வரும்படி. நாமே கற்றுக்கொள்ளலாம், ஆனால் முதல் நாற்காலி கோணலாகத்தான் வரும். பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுவதைத் தொழிலாகச் சொல்லித் தருவது உண்டு. உங்கள் பக்கத்தில் விசாரியுங்கள். எனக்குப் பின்னித் தருகிறவருக்குப் பார்வை கிடையாது, துளையை விரலால் எண்ணுவார். ஒரு முறை நான் கண்ணால் பார்த்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொன்ன நாற்காலியில், மேலே போக வேண்டிய ஓர் இழை கீழே போயிருந்ததை அவர் கை கண்டுபிடித்தது. அவிழ்த்து மறுபடி போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

பின்னின பிறகு அதன்மேல் ஏறி நின்று பரண் சாமானை எடுக்காதீர்கள். வருஷம் போய்ப் பிரம்பு தொய்ந்தால், நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கம் ஈரத்துணி போட்டுவிட்டு நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததும் இறுகிக்கொள்ளும்.

கேள்வி: ஈட்டி மரக் கட்டில் என்று சொல்லி, பழைய சாமான் கடையில் ஒரு கட்டிலை நல்ல விலைக்குக் கொடுத்தார்கள். கறுப்பாக, பளபளப்பாக இருக்கிறது. என் கணவர் ‘வெறும் சாயம்’ என்கிறார். நாங்கள் இதைப் பற்றிப் பேசிப் பேசிச் சண்டையே வந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, ஈரோடு

பதில்: சண்டையை ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். கட்டிலைக் கவிழ்த்து, சட்டத்தின் அடியில் பாலிஷ் ஏறாத இடத்தில் உளியால் நகம் அளவு ஒரு சீவல் எடுங்கள். ஈட்டி என்றால் உள்ளேயும் கருமைதான், கத்திரிப்பூ நிறம் கலந்த பழுப்பில் கறுப்புக் கோடு ஓடும். முதல் சீவலுக்குக் கீழே மரம் வெளுத்துவிட்டால் உங்கள் கணவர் ஜெயித்துவிட்டார்.

பளுவையும் பாருங்கள். ஒரு கன அடித் தேக்கு ஏறக்குறைய 18 கிலோ, ஈட்டி 24 கிலோ. கட்டில் காலைத் தூக்கும்போதே கை சொல்லிவிடும். அடிக்கடி ஈட்டி வேஷம் போடுவது வேங்கை. அதற்கு ஒரு வேடிக்கையான சோதனை இருக்கிறது. சீவலை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். தண்ணீர் மஞ்சளோ பழுப்போ ஆகி, வெயிலில் சாய்த்துப் பிடித்தால் நீலம் மினுங்கினால் அது வேங்கை. சர்க்கரை நோய்க்கென்று விற்கிற வேங்கைக் குவளையில் தண்ணீர் நிறம் மாறுவதும் இந்தச் சாறினால்தான். (சர்க்கரைக்குக் கேட்குமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் மரத்துக்குத்தான் வைத்தியம் பார்க்கிறேன்.)

வேங்கையாக இருந்தால் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம், விலையைத் திருப்பிப் பேசுங்கள். உறுதியில் அது சளைத்த மரமில்லை. ஈட்டி விலை ஏறினதற்கும் காரணம் உண்டு. சொந்தப் பட்டாவில் நின்றாலும் அனுமதியில்லாமல் ஈட்டியை வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1994ல் சட்டமே வந்தது. புது மரம் சுலபமாகக் கிடைக்காததால் பழைய கட்டிலுக்கு மவுசு. மவுசு வந்த இடத்தில் சாயமும் வந்துவிட்டது.

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பேரக் குழந்தைக்கென்று கடைசல் வேலை செய்த பழைய மரத் தொட்டில் ஒன்று வாங்கினேன். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பல தடவை பெயின்ட் அடித்திருக்கிறது, செதில் செதிலாக உரிகிறது. நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடிக்கலாம் என்றிருக்கிறேன்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம் ஐயா. தேய்க்கவும் வேண்டாம், அதில் குழந்தையைப் போடவும் வேண்டாம். அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயின்டில், அதுவும் மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் தாராளமாகச் சேர்ப்பார்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த பெயின்டைத் தேய்த்தால் ஈயம் தூளாகி வீடெல்லாம் பறக்கும். கர்ப்பிணி இருக்கிற வீடு. தீயில் வாட்டி உரித்தாலும் புகையாக வரும். மேலே புதுசு அடித்து மூடலாமே என்பீர்கள். பல் முளைக்கிற குழந்தை தொட்டில் கம்பியைக் கடிக்காமல் விடுமா?

இப்போதைக்கு உரிகிற செதில்களை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு பையில் கட்டி எறிந்துவிட்டு, தொட்டிலைச் சுற்றிக் கட்டிப் பரணில் வையுங்கள். கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பாட்டியின் நூல் புடவையில் தூளி கட்டினால் போதும். பிறந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: நீங்கள் நாற்காலி என்று எழுதுவதை நாங்கள் கதிரை என்கிறோம். எது சரியான தமிழ்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இரண்டிலும் உட்காரலாம். கதிரை போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. எங்கள் மேசையும் அலமாரியும் மட்டும் என்ன, அதே கப்பலில் வந்தவைதானே! பீரோ பிரெஞ்சுச் சொல். நாற்காலி, முக்காலி, கட்டில், பெட்டி எல்லாம் நம்முடையவை. உங்கள் பக்கத்து முதிரை மரப் பெட்டகம் ஏதாவது கையில் இருந்தால் அடியையும் சக்கரத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். எனக்கு ஆசை.

கேள்வி: பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாமான்களை விற்றபோது, மரச் சட்டம் போட்ட ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று வாங்கினேன். அங்கங்கே ரசம் போய்ச் சாம்பல் திட்டாக இருக்கிறது. கண்ணாடியை மாற்றிவிட்டுச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளவா? நீங்கள் எப்போதும் சொல்வதுபோல் கவிழ்த்தும் பார்க்கப் போகிறேன்.
– வாசகி, புதுச்சேரி

பதில்: இதை மட்டும் கவிழ்க்காதீர்கள்! நல்ல வேளை, முன்னாலேயே எழுதினீர்கள்.

‘ரசம் போய்விட்டது’ என்று நாம் சொல்கிற ரசம் பாதரசம்தான். தகரத்தை மெல்லிய தாளாகத் தட்டி, அதன்மேல் பாதரசத்தை ஊற்றி, கண்ணாடியை அதில் பதியவைத்துத்தான் முன்பு நிலைக்கண்ணாடி செய்தார்கள். 1835ல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் வெள்ளியைக் கண்ணாடியில் படியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அது பரவிய பிறகு பாதரச முறை மெல்ல ஒழிந்தது. வார்த்தை மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள, கண்ணாடியை நின்ற நிலையிலேயே வைத்து, முதுகுப் பலகையின் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி பூசியது என்றால் முதுகில் காவியோ சாம்பலோ ஒரு பெயின்ட் பூச்சு இருக்கும். பெயின்ட் இல்லாமல் வெறும் உலோகமாக மங்கித் தெரிந்தால் பாதரசக் கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் பாதரசம் வருஷங்களில் மெல்ல இறங்கி, அடிச் சட்டத்தில் சின்னச் சின்ன முத்தாகச் சேரும். கிடத்தினாலோ கவிழ்த்தாலோ அது ஓடும், பூச்சும் உதிரும். முத்து எதுவும் கண்ணில் பட்டால் கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, ஆய்வுக்கூடம் உள்ள கல்லூரி எதிலாவது வேதியியல் ஆசிரியரைக் கேளுங்கள். படுக்கையறையில் வைக்காதீர்கள்.

வெள்ளி என்றால் கவலையே இல்லை. மாற்றலாமா என்றால், என் கட்சி, மாற்றக் கூடாது. முகம் பார்க்க 200 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி கிடைக்கிறது, அதைக் குளியலறையில் மாட்டிக்கொள்ளுங்கள். பழைய கண்ணாடியில் முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். என் வயதில் அதுவும் ஒரு வசதி.

கேள்வி: எங்கள் தாத்தா கடையில் இருந்தது போலவே ஒரு கல்லாப்பெட்டி, சரிவு மூடி போட்டது, பழைய சாமான் வண்டிக்காரரிடம் கிடைத்தது. உள்ளே ஐந்து அறை. காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் குலுக்கினால் ஏதோ உருளுகிற சத்தம் கேட்கிறது. உடைத்துப் பார்க்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: உடைக்கிறதா? ஊரில் யாரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஈர்க்குச்சியை எடுங்கள்.

ஒவ்வோர் அறையிலும் குச்சியை நிறுத்தி ஆழத்தை நகத்தால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே குச்சியைப் பெட்டியின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். பலகையின் கனம் போக மிச்சம் ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலம் இடிக்கிற அறைக்கு அடியில்தான் கள்ள அறை. நீளவாட்டிலும் இப்படியே அளந்து பாருங்கள், முதுகுப் பக்கமாகவும் ஒளித்து வைத்திருப்பார்கள். திறக்கிற வழி பெரும்பாலும் தடுப்புப் பலகைதான். ஆணி இல்லாமல், இரண்டு பக்கமும் பள்ளத்தில் இறங்கி நிற்கிற தடுப்பு எது என்று பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி மேலே தள்ளுங்கள். அழுக்கு ஏறி இறுகியிருந்தால் பள்ளத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு இரண்டு நாள் பொறுத்துத் தள்ளுங்கள். மழைக்காலமாக இருந்தால் மரம் உப்பியிருக்கும், தை மாதம்வரை காத்திருங்கள். தடுப்பு வந்தால் அடிப்பலகை தானாக ஒரு பக்கம் நழுவும். உளி, நெம்புகோல் எதுவும் பக்கத்திலேயே இருக்க வேண்டாம், கை துறுதுறுக்கும்.

புதையல் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். நான் இதுவரை திறந்தவற்றில் ஒன்றில் சாவி இருந்தது (எதன் சாவி என்று இன்றுவரை தெரியாது), ஒன்றில் நடுவில் ஓட்டை போட்ட காலணா இரண்டு இருந்தன. அந்தக் காலணா 1943லிருந்து 1947வரை அடித்தது. பெட்டிக்கு அந்த வயது என்று அதற்கு அர்த்தமில்லை, 1943க்குப் பின்னாலும் யாரோ அந்த அறையைத் திறந்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். உங்கள் பெட்டியில் உருளுவது காசா, குண்டுமணியா, கழன்று விழுந்த ஆணியா? புளியங்கொட்டையாக இருந்தாலும் எழுதுங்கள்.